ஏழாம் நம்பர் மெஷினும் என் ஏழு விதிகளும்

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

'மைக்ரான் மனிதன்' வலைப்பூவுக்கு இன்று மூன்று வயது நிறைகிறது. 'என்னைப் பற்றி' பக்கத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: "ரத்தினவேல், டூலிங் இன்ஜினியர், ஓசூர். பதினெட்டு ஆண்டு அனுபவத்தைத் தமிழில் பகிர்பவர்." யாரோ என்னைப் பற்றி எழுதிய மாதிரி இருக்கட்டும் என்றுதான் அந்தப் 'பகிர்பவர்'.

ஆண்டு விழாவை முன்னிட்டுப் 'பதிவுலக நாகரிகம்: ஏழு விதிகள்' என்று ஒரு பக்கம் சேர்த்தேன். முதல் விதி, பெயர் சொல்லாமல்கூட ஒருவரைப் புண்படுத்தக் கூடாது. நான்காவது, மாற்றுக் கருத்தை நீக்கக் கூடாது. ஏழாவது, தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். மோகனப்ரியா படித்துவிட்டு, "படிக்கிறது ஏழு பேரு. ஆளுக்கொரு விதியா?" என்றாள். கட்டிய மனைவிக்கு விதிகள் பொருந்தா.

முதல் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஏழாம் நம்பர் மெஷினில், வழக்கத்தைவிட நீளமான ஒரு டிரில்லை மாட்டி ட்ரையல். அருமையாக வந்தது. முடித்துவிட்டு மெஷினில் பழைய டிரில்லின் நீள அளவை ஏற்றிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. புதுப் பின்னூட்டம்! சிக்னல் கிடைக்கும் படிக்கட்டுக்கு ஓடினேன். "முடி கொட்டுகிறதா? முப்பதே நாளில் அடர்த்தி" என்று ஓர் எண்ணெய் விளம்பரம். மூன்று வருடத்தில் என் படத்தை உற்றுப் பார்த்த ஒரே வாசகர்.

பிப்ரவரி 5, புதன்

நேற்று இரண்டாம் ஷிப்டில் ஏழாம் நம்பர் மோதிவிட்டது. டிரில் இறங்க வேண்டியதற்கு மேல் இறங்கி, கிளாம்ப்பில் இடித்து, சுக்கல் சுக்கலாகிவிட்டது. டிரில்லைச் சுழற்றும் ஸ்பிண்டிலும் காலி. நான்கு நாள் லைன் நிற்கும். ஓட்டியது காவேரி. கர்நாடக எல்லையோரத் தளிக்காரப் பெண், டிரெயினி, இந்த மாதம் நிரந்தரப் பட்டியலில் பெயர் வர வேண்டியவள். ஷிப்ட் தொடக்கத்தில் டூல் நீளத்தைச் சரிபார்க்கவில்லையாம்.

எல்லோரும் வருத்தத்தில் இருந்தார்கள். நான் போட்டோ எடுத்தேன். நல்ல பதிவாக வரும்.

பிப்ரவரி 6, வியாழன்

பதிவு போட்டாயிற்று. தலைப்பு: 'தங்கையே, கண்ணை லாக்கரிலா வைத்தாய்?' எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. பெயர் போடவில்லை. போட்டோவில் மெஷின் நம்பரையும் வெட்டிவிட்டேன். பேனல் ஓரத்தில் ஒரு சிவப்பு ரோஜா செருகியிருந்தது. படத்துக்கு அழகு என்று விட்டுவைத்தேன்.

மதியத்துக்குள் மூவாயிரம் பேர்! கோயம்புத்தூர் வரைக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுகிறது. மோகனப்ரியா கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லிட்டுத்தான போட்டீங்க?"

பேர்தான் போடலையே என்றேன்.

பிப்ரவரி 8, சனி

சென்னப்பன் என்று ஒருவர், பர்கூரில் ஒரு பட்டறையில் மெஷின் செட்டராம், பின்னூட்டம் போட்டிருக்கிறார். "வணக்கம் சார். சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு சந்தேகம். டூல் நீளம் தானாக மாறாது. முந்தைய ஷிப்டில் யாராவது ட்ரையல் எடுத்தார்களா?"

நான் கொடுத்த பதில்: "கிரானைட் அறுக்கிற ஊரிலிருந்து மைக்ரான் பாடமா? நன்றி." அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். அப்புறம் என்னவோ போல இருந்தது. அவர் கேள்வியையும் என் பதிலையும் சேர்த்து நீக்கிவிட்டேன். நான்காம் விதி நாலே நாளில் காலமானது.

பிப்ரவரி 10, திங்கள்

ட்ரையல் ரிப்போர்ட்டுக்காகக் கீழ் டிராயரைத் திறந்தேன். வேஸ்ட் துணியில் சுற்றி ஒரு டிரில், ஹோல்டரோடு. ஏழாம் நம்பருடைய பழைய டிரில்.

அது மோதலில் சுக்கலாகியிருக்க வேண்டியது அல்லவா? இங்கே இருக்கிறது என்றால் அன்று மெஷினில் இருந்தது என்னுடைய நீள டிரில். அளவை மட்டும் பழையதற்கு மாற்றிவிட்டு, டிரில்லை மாற்றாமல் படிக்கட்டுக்கு ஓடியிருக்கிறேன். ஷிப்ட் புத்தகத்தில் ட்ரையல் பற்றி ஒரு வரி — அதுவும் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவன்.

அட பாவி. ஒரு எண்ணெய் வெளம்பரத்துக்காகவாடா?

பிப்ரவரி 11, செவ்வாய்

டிராயரைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். டிரில் ஓடிப்போய்ச் சொல்லிவிடும் போல.

பிப்ரவரி 13, வியாழன்

என் பதிவை யாரோ பிரிண்ட் எடுத்து, வருகை பதியும் பஞ்ச் மெஷினுக்குப் பக்கத்தில் நோட்டீஸ் போர்டில் குத்தியிருக்கிறார்கள். 'பாதுகாப்புப் பாடம்' என்று மேலே சிவப்பு மை. மூன்று வருடம் ஏங்கிய அங்கீகாரம். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கேன்டீனில் காவேரியே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"படிச்சேன் சார். நல்லா எழுதறீங்க."

நான் பொங்கலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ரோஜாவ மட்டும் வெட்டியிருக்கலாம் சார். எங்க தோட்டத்துப் பூ. தெனமும் நான்தான் வெக்கறது, எல்லாத்துக்கும் தெரியும். பஸ்ல ஏறுனா, 'லாக்கர் வந்துட்டா'ங்கறாங்க."

"வீட்டில்...?"

"அப்பாவுக்கு யாரோ போன்ல அனுப்பிட்டாங்க. அவருக்குத் தமிழ் படிக்க வராது சார், கன்னடந்தான். என்னையே படிச்சுச் சொல்லச் சொன்னாரு. மொத்தமும் கன்னடத்துல சொன்னேன். முடிச்சதும், 'நீனேனா அது?'ன்னு கேட்டாரு. ஆமா, நான்தான்னேன்."

அந்தத் தலைப்பை அவள் எப்படிக் கன்னடத்தில் சொல்லியிருப்பாள்? அவள் வாயாலேயே, அவள் அப்பாவிடம். இதைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போய்விட்டாள். டிராயரைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. நான் ஒரு கோழை. இதை விளையாட்டாக எழுதவில்லை.

பிப்ரவரி 15, சனி

திருத்தப் பணிகள். முதலில் சத்தமில்லாமல் ரோஜாவை வெட்டினேன். பிறகு 'தங்கை'யை எடுத்துவிட்டு 'ஒரு நண்பர்' என்று போட்டேன். பிறகு கடைசியில் ஒரு வரி: "சூழ்நிலை காரணமாகவும் இப்படி நேரலாம்." சூழ்நிலைக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச?

மோகனப்ரியா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "கேலி பண்ணும்போது ஊரே கேக்கப் பண்ணினீங்க. இப்ப மட்டும் என்ன காதோட காதா?" என்றாள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

டிரில்லைத் துணியோடு எடுத்துக்கொண்டு முதலில் காவேரியிடம் போனேன். சொன்னேன். அவள் டிரில்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பத்து நாளா தூங்கல சார் நான்," என்றாள். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அங்கிருந்து பிளான்ட் மேனேஜர் அசோக்குமாரின் மேசைக்கு. முழுதும் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காதே?" என்றார்.

"டிராயருக்குத் தெரியும் சார்."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு மெமோ. ஒரு வருடத்துக்குப் பதவி உயர்வைப் பற்றிப் பேசக் கூடாது. தொழிற்சாலைக்குள் இனிப் போட்டோ கூடாது. காவேரியின் பெயரை எடுத்துவிட்டு, நிரந்தரப் பட்டியலைப் போன வாரமே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். "பாக்கறேன்," என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

சென்னப்பனுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். நீக்கிய பின்னூட்டத்தை மீட்க வழியில்லை, மறுபடி எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தேன். அரை மணியில் பதில்: "ஸ்கிரீன்ஷாட் இருக்குது சார், அனுப்பியிருக்கேன். உங்க பதிலும் அதுலயே இருக்குது. அதையும் போடறீங்களா?"

போடுகிறேன் ஐயா.

பிப்ரவரி 19, புதன்

பழைய பதிவின் தலையிலேயே திருத்தத்தைப் போட்டேன். அதற்கு முன் காவேரியிடம் காட்டினேன். கேன்டீனில் பேனாவோடு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்த 'அப்பாவிப் பெண்'ணை எடுங்க சார். ஷிப்ட் ஆரம்பத்துல நீளம் செக் பண்ணியிருக்கோணும், பண்ணல. அது என் தப்பு. அதையும் எழுதுங்க. என் தப்ப விட்டுட்டு எழுதினா, பாவம் பாத்து எழுதினதா ஆயிடும்."

"சரி."

"நீங்க எதுக்கு மெஷின விட்டுப் போனீங்கன்னு இதுல இல்லையே?"

"அவசர அழைப்பு என்று..."

"என்ன அழைப்பு சார்?"

சொன்னேன். பேனாவை என் பக்கம் தள்ளினாள். எழுதினேன், எண்ணெய், முடி, முப்பது நாள் எல்லாம்.

பிப்ரவரி 22, சனி

கேலிப் பதிவைத் திருத்தத்துக்கு முன் பார்த்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம். திருத்தத்துக்குப் பின் நூற்றுப் பன்னிரண்டு. அதில் முப்பது நானே எண்ணிக்கை பார்க்கப் போனது. காலையில் திருப்பூர் நண்பர் பழைய பதிவைத் திருத்தமில்லாமல் எனக்கே அனுப்பியிருந்தார்: "செம காமெடி, படிங்க." எழுதியது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. வரும் ஒவ்வொன்றுக்கும் திருத்தத்தின் இணைப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இது ஓயாது போல.

ஏழு விதிகள் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நிரந்தரப் பட்டியல் ஒட்டினார்கள். காவேரி பெயர் இல்லை.

மார்ச் 1, சனி

அசோக்குமாரிடம் மறுபடி போனேன். என் திருத்தத்தின் பிரிண்ட்டைக் கொடுத்து, பழையது தொங்குகிற இடத்தில் இதையும் குத்தச் சொன்னேன். "உங்களுக்குத்தான் அசிங்கம்," என்றார். குத்தினார்கள். திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் காத்திருக்கும்.

மார்ச் 3, திங்கள்

'எண்ணெய் சார்'.

மார்ச் 31, திங்கள்

துணைப் பட்டியல் வந்தது. ஒரே ஒரு பெயர். எம். காவேரி. ஒரு மாதம் தாமதம்; அந்த ஒரு மாதம் என் கைங்கர்யம்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஏழாம் நம்பர் பேனலில் இன்று மஞ்சள் ரோஜா. வலைப்பூவில் இந்த முழுக் கதையையும் எழுதலாமா என்று காவேரியிடம் கேட்டேன். "வேண்டாம் சார்," என்றாள். சரி என்றேன். நாளைக்குக் கூலன்ட் பராமரிப்பைப் பற்றி எழுதுகிறேன். ஏழு பேர் படிப்பார்கள்.

கிளம்பும்போது அவளே கூப்பிட்டாள்.

"அப்பாவுக்கு அந்தத் திருத்தத்தையும் படிச்சுச் சொன்னேன் சார். ஒரு எடத்துல சிரிச்சாரு."

"எந்த இடம்?"

"எண்ணெய் வெளம்பரத்துக்கு ஓடுனீங்கல்ல, அங்க. அப்பாவுக்கும் உங்கள மாதிரிதான் சார், தலையில முன்னாடி ஒண்ணும் இல்ல. அந்த எண்ணெய் நெஜமாவே வேல செய்யுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

எனக்குத் தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.