வேலிக்கு அந்தப் பக்கம்

அன்பு மகன் எர்வினுக்கு,

அம்மா வில்மா எழுதுகிறேன். நீயும் ஜானெட்டாவும் நலம்தானே? இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை.

அப்பாவை அடக்கம் செய்தாயிற்று. நீ வரவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். நம்மைப் போல ஜிப்சியே ஆனாலும் ஆற்றங்கரைக் குடிசைப் பெண் என் வாசல் மிதிக்கக் கூடாது என்றவருடைய சாவுக்கு, அவளை விட்டுவிட்டு நீ மட்டும் எப்படி வருவாய்? அவள் சமைத்தால் சாப்பிடுவாயா, இல்லையென்றால் இனி வரவே மாட்டேன் என்று எழுதியிருந்தாய். சொல்கிறேன், பொறு.

அப்பாவின் பிடில் இல்லாமல் இந்த ஊரில் எந்த வெள்ளைக்காரன் வீட்டுக் கல்யாணம் நடந்தது? மேயர் கல்யாணத்துக்கே விடிய விடிய வாசித்தார். அந்த மேயர்தான், "மனசுல வெச்சுக்காத வில்மா, ஜிப்சிங்களுக்குக் கல்லறை வேலிக்கு அந்தப் பக்கம்தானே வழக்கம்" என்றார். கையில் மலர்வளையம் வேறு, பாவி! கல்யாண வீடுகளில் அப்பாவுக்கு அடுக்களைக்குப் பின்னால் தனிக் கோப்பை கொடுத்தார்கள். இப்போது தனி இடம்.

வேலிக்கு வெளியே தோண்ட முடியாது என்று கல்லறை ஆள் போய்விட்டான். மண் கல்லாக உறைந்திருந்தது. உன் மாமா கொலமானைக் கேட்டால், பிடில் பிடிக்கிற கை கடப்பாரை பிடிக்காதாம். கடைசியில் ஜானெட்டாவின் அப்பா பெர்கோதான் மகன்களோடு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. "நீங்க உள்ள போங்க சம்பந்தியம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

சாவுச் சாப்பாட்டுக்கு அவர் மனைவி ஒரு பானை முட்டைக்கோஸ் சூப் கொண்டுவந்தாள். "நாய் தின்னிங்க பானையில என்ன வெந்துச்சோ!" என்று கொலமான் அவள் காதுபடவே சொன்னான். நம் ஆட்கள் சிரித்தார்கள். குழி வெட்டியவர்களுக்கு வாசலுக்கு வெளியே தகரக் குவளையில் சாராயம் வைத்தான். மேயர் செய்தால் அநியாயம், நாம் செய்தால் வழக்கமா? கேட்பதற்குப் பதில், எல்லோரும் பார்க்க நான் ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன். நல்ல ருசிதான். ஆனால் தொண்டையில் இறங்கவில்லை, எர்வின். கொல்லைப்பக்கம் போய்த் துப்பினேன். திரும்பினால் அவள் நிற்கிறாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். சாப்பிடுவேன் என்று பொய் எழுதி உன்னை வரவழைக்க மனம் இல்லை.

ஆனாலும் வா. அவளையும் கூட்டி வா. என் அடுப்பில், என் பாத்திரத்தில் அவள் சமைக்கட்டும். முதல் நாள் நான் துப்பினால் திட்டு. மறுநாளும் அவளையே சமைக்கச் சொல். உங்களுக்குப் பிறக்கப்போகிற பிள்ளை தீர்க்காயுசாக இருக்கட்டும். யார் வீட்டில் சாப்பிடலாம், யார் வீட்டில் கூடாது என்று அதற்கு நான் சொல்லிக் கொடுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
வில்மா