அட்டையில் எழுதிய வாக்கியம்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை. நேராக விஷயத்துக்கு வரலாம் என்றால் அதுவும் முடியவில்லை. சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. என்னோடுதான் பேச்சு இல்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள்.

அகராதி அலுவலகத்தில் 'பி' எழுத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். சொல்லுக்கு ஓர் அட்டை. அதில் பொருள், பிறப்பு, கீழே யாராவது நிஜமாகவே பேசிய ஒரு வாக்கியம். யார் யாரிடம் சொன்னது என்றும் எழுத வேண்டும். சாயங்காலம் ஒருவர் அட்டையை இன்னொருவர் உரக்கப் படிப்பார். எனக்கு விழுந்த சொல் 'பினாத்து'.

பிறப்புக்காக இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'பிதற்று' என்பது பேச்சில் இப்படி ஆகியிருக்கலாம் என்கிறார் பதிப்பாசிரியர். அவருக்கே உறுதியில்லை. பொருளில் சண்டை கிடையாது, அர்த்தமில்லாமல் பேசுவது. ஆனால் சேர்த்து வைத்த பழைய அட்டைகளில் பாதிக்கு மேல் காய்ச்சல்காரர்கள். 'ஜுரத்துல என்னென்னமோ பினாத்துறா' என்று ஓர் அட்டை. உனக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சல் நினைவுக்கு வந்தது. பூனை, பென்சில், மாடிப்படி என்று ஏதேதோ சொன்னாய். நான் அர்த்தம் கேட்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து ஈரத்துணி போட்டேன்.

வாக்கியத்துக்கு யோசிக்கவே இல்லை. கை தானாக எழுதிவிட்டது. பக்கத்து மேசைக்காரர் உரக்கப் படித்தார்: "சும்மா பினாத்தாத, மாப்பிள்ளை தங்கமான மனுஷன். சொன்னவர் தகப்பன், கேட்டவள் மகள்." அதற்குப் பிறகு அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அன்று போனில் நீ முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாய். உடைந்த டம்ளர், பூட்டிய கதவு, கையில் நாலு தையல், மறுபடி டம்ளர். ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்று எரிந்து விழுந்தேன். பத்தொன்பது நாளாக நீ போனை எடுக்கவில்லை. உனக்கு வாயாடி என்று பட்டப்பெயர் வைத்தவனே உன் வாயை அடைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறதம்மா. அதைவிடப் பயமாக இருக்கிறது.

இதை உன் வீட்டுக்கு அனுப்பவில்லை, வேலையிடத்துக்கு அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்த வாசலில் நானும் அம்மாவும் நிற்போம். அவள் நேற்றே பையை எடுத்து வைத்துவிட்டாள். மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தையும் சொல்லாதே. சாமான் எடுக்க வீட்டுக்குப் போகாதே, உடுத்திய துணியோடு வா. வழியில் எதுவும் வரிசையாகச் சொல்ல வேண்டாம். டம்ளரிலிருந்தே தொடங்கு. எத்தனை தடவை வேண்டுமானாலும் டம்ளருக்கே திரும்பி வா. நான் குறுக்கே பேச மாட்டேன்.

அதுவரை பத்திரமாக இரு கண்ணே.

நெற்றியைத் தொட்டுப் பார்க்க மறந்த
அப்பா