ஜூலை இருபது, பிறை ஆறு

கடையநல்லூர்,
9.6.2025

அன்புத் தங்கை ஜுஹைனாவுக்கு அண்ணன் கிதிர் முகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மதினி மெஹர் பானுவும் ஷிஃபாவும் சுகமாக இருக்கிறோம். ஜப்பானில் இருக்கும் உன் சுகத்துக்கு துஆ கேட்காத நாளில்லை.

தபாலைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது இதென்ன பேனாவும் காகிதமும் என்று என் மகள் ஷிஃபா சிரிக்கிறாள். சிரிக்கட்டும். ஆறு வருஷமாக அந்த வாட்ஸ்அப்பில் நான் உனக்கு அனுப்பியதெல்லாம் இரண்டு பெருநாளுக்கும் வாழ்த்துப் படம்தானே. அது போக, இந்த உறைக்குள் வைக்க வேண்டிய ஒரு சாமான் இருக்கிறது. அது போனில் வராது.

சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே மூஞ்சியில் அடிக்கிறது. குற்றாலத்தில் மெயின் அருவியில் நல்ல தண்ணீர். பள்ளிக்கூடம் திறந்ததால் நோட்டுக்கடையில் எனக்கு உட்கார நேரமில்லை. மதினிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொல்கிறார், அவள் டாக்டரைத் திட்டுகிறாள்.

போன திங்கள்கிழமை நீ ஷிஃபாவைக் கூப்பிட்டாயே, வேலை நாளில் அத்தைக்கு என்ன லீவு என்று அவள் கேட்டதற்கு, நீ பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்தின் நிறுவன நாள் என்றாயாம். அது எப்படி வந்தது என்று நீ எழுதி அனுப்பியதை அவள் சாப்பாட்டு நேரத்தில் சத்தமாக வாசித்தாள். நான் மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒன்பது பிள்ளைகளோடு தொடங்கிய பள்ளிக்கூடம். அப்போது ஜப்பானிலும் பிறைக் கணக்குதானாமே! நாலாம் மாசம் பதினைந்தாம் நாள் தொடங்கினார்களாம். அடுத்த வருஷமே அரசாங்கம் இங்கிலீஷ் கணக்குக்கு மாற்றிவிட்டதாம். ஒரு கூட்டம், நம்பரை மாற்றக் கூடாது, ஏப்ரல் பதினைந்துதான் என்றது. இன்னொரு கூட்டம், தொடங்கிய அன்றைக்கு இங்கிலீஷ் கணக்கில் ஜூன் இரண்டு, அதுதான் சரி என்றது. ஒன்றாகச் சேர்ந்து ஆரம்பித்த வாத்தியார்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் தனித்தனியாகக் கொண்டாடினார்களாம். கடைசியில் நிறுவியவரின் மனைவி, இரண்டு நாளும் கேட்டைத் திறந்து வைப்பேன், வருகிறவர்கள் வரட்டும் என்றாராம். இன்றைக்கும் லீவு ஜூன் இரண்டில்தான், ஆனால் ஏப்ரல் பதினைந்திலும் அந்தப் பழைய கேட்டைத் திறந்து வைப்பார்கள் என்று நீ முடித்திருந்தாய்.

ஷிஃபா வாசித்து முடித்ததும் மதினி என்னைப் பார்த்தாள். நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

நீ யோசித்து எழுதினாயோ, சும்மா எழுதினாயோ, எனக்குத் தெரியாது. எனக்கு நம் வாப்பாவுக்கு முதல் வருஷம் ஓதிச் சோறாக்கிப் போட்ட ஃபாத்திஹாதான் ஞாபகம் வந்தது.

2019 ஜூலையில் நீ பெட்டியோடு வந்து இறங்கினாய். ஓத வரும் பிள்ளைகளுக்கென்று ஜப்பான் மிட்டாய் ஒரு பை நிறைய வைத்திருந்தாய். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே, அண்ணே, அடுப்பை எங்கன போடுதீங்க என்று கேட்டாய். பிறை வருஷம் பத்துப் பதினோரு நாள் முந்தியே வந்துவிடுவதால், பிறைக் கணக்கில் ஃபாத்திஹா முடிந்து அன்றைக்குப் பத்து நாளாகிவிட்டது. சாமியானா கட்டிய கயிறுதான் ஜன்னல் கம்பியில் மிச்சம் இருந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அங்க போயி வாப்பாவோட பிறையக்கூட மறந்துட்டியோ என்றேன். நாலு பேர் கேட்கச் சொன்னேன். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வரவே இல்லை.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்த ரமலானிலேயே நீ போன் பண்ணி, ஜூலை இருபதுக்கு லீவு போட்டுவிட்டேன், டிக்கெட்டும் எடுத்துவிட்டேன் என்றாய். அப்போதே எனக்குத் தெரியும், நீ இங்கிலீஷ் தேதியைப் பார்க்கிறாய் என்று. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். மறுநாளும் விட்டேன். பிறகு, படித்தவள்தானே, தானாகத் தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ மறக்கவில்லை ஜுஹைனா. நான்தான் மறைத்தேன். வாப்பாவை அடக்கிய மறுநாள் நீ வந்து சேர்ந்ததற்கு விமானம் காரணம் என்று தெரிந்தும், என் மனசுக்குள் ஒரு கசடு இருந்தது. அரபு நாட்டில், தம்மாமில் பாதி ஆயுசைக் கழித்த எனக்கே இந்தப் புத்தி என்றால், வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. ஒவ்வொரு ஜூலை இருபதும் தென்காசிக்குச் சரக்கு எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்குத்தான் போகிறேன். கொரோனாவில் அருவியை அடைத்திருந்தபோதும் போய், தடுப்புக்கு வெளியே நின்றுவிட்டு வந்தேன். ஈரத் துண்டோடு என்ன சரக்கு எடுத்தீங்க என்று மதினி ஒரு தடவை கேட்டாள், அதோடு விட்டுவிட்டாள்.

பழைய அருவியில் வாப்பா நம் இரண்டு பேர் தலையிலும் எண்ணெயைக் கொட்டித் தேய்ப்பாரே, கண்ணெல்லாம் எரியும். நீ அருவிக்குள் நுழையப் பயந்து அவர் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் சிதறும் தண்ணீரிலேயே நிற்பாய். நான் கேலி பண்ணினால், ஏலே, அவளுக்கு அவ்வளவுதான் வேணும், நீ உள்ள போ என்பார். குளித்ததும் எனக்கு மிளகாய் பஜ்ஜி, உனக்கு ரம்புட்டான். இந்த வருஷம் எந்தத் தேதிக்குப் போறோம் வாப்பா என்று நீ நச்சரித்தால், அருவிக்கு என்னட்டி தேதி, தண்ணி விழுந்தா போவோம் என்பார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் கிடக்கிறது.

உறையில் இருப்பது வாப்பா தினமும் விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து கிழிக்கும் நாட்காட்டியின் தாள். அந்த வெள்ளிக்கிழமைத் தாளைக் கிழிக்க அவர் எழுந்திருக்கவில்லை. நான்தான் கிழித்து குர்ஆனுக்கு அடியில் வைத்திருந்தேன். பெரிய எழுத்தில் ஜூலை 20 இருக்கிறது. கீழே, பொடி எழுத்தில், பிறைக் கணக்கில் துல்கஃதா 6. இரண்டும் ஒரே தாள்தான். இத்தனை வருஷமாக நான் கண்ணாடி போட்டுப் பொடி எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன்.

இரண்டு தேதியும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வர எத்தனை வருஷம் ஆகும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். வாப்பா மௌத்தானதிலிருந்து முப்பத்திரண்டு வருஷம் என்றார். ஏழு போய்விட்டது, இன்னும் இருபத்தைந்து. எனக்கு இப்போதே ஐம்பத்தெட்டு, சுகர் வேறு. அதுவரைக்கும் என்னால் காத்திருக்க முடியாதம்மா.

பிறைக்கு ஓதுவது மே மாதமே முடிந்தது. வருகிற ஜூலை இருபது ஞாயிற்றுக்கிழமை. நெய்ச்சோற்றுக்கும் தால்சாவுக்கும் அண்டா சொல்லிவிட்டேன், ஓதும் பிள்ளைகளுக்கும் சொல்லியாயிற்று. ஜப்பான் மிட்டாய் மறக்காதே. உன் பயணத்தை அல்லாஹ் லேசாக்கித் தரட்டும்.

அடுப்பை இந்தத் தடவை முருங்கை மரத்துக்குக் கீழே போடுகிறோம். நீ வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் மூட்டச் சொல்லியிருக்கிறேன்.

வஸ்ஸலாம்.
உன் அண்ணன்,
கிதிர் முகம்மது