மொட்டைத் தலைப் படம்

என் மூத்தவனுக்கு,

நாங்கள் நலம். நீ இருக்கும் ஊர்ப் பெயரை நான் எழுதமாட்டேன், நீயும் எழுதாதே.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சீட்டுக் குலுக்கலில் பெயர் விழுந்த பையன்களின் படங்களோடு நேற்று வார்டு அலுவலக ஆட்கள் மறுபடியும் வந்தார்கள். "இந்த மொட்டைத் தலை உங்க பையன்தானே? எங்க போனான்?" என்றார்கள். வேலை தேடிப் போயிருக்கிறான் என்றேன். தேநீர்கூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன்.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். முடி சுருளத் தொடங்கும் முன்பே உனக்கு மொட்டை போட்டுவந்தது மாரியம்மன் வேண்டுதலுக்காக இல்லை. என் தாத்தா நைஜீரியாக்காரர். ஜப்பான் சண்டைக்கு வெள்ளைக்காரன் ஆள் கேட்டபோது, அங்கே அவர் ஊர்த்தலைவன் அவரைப் பிடித்துக் கொடுத்தான். சண்டை போட இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்தவர் பட்டாளத்தை விட்டு ஓடினார். நம் ஊர் அலோன் துறைமுகத்தில் வேலை செய்த தமிழர்கள் அவர் தலையை மழித்து, விபூதி பூசி, தங்களோடு வைத்துக்கொண்டார்கள். சுருட்டை முடி காட்டிக் கொடுத்துவிடும் என்ற அந்தப் பயம் என்னோடு தொலையட்டும்.

இனி மொட்டை போடாதே. அவர்களிடம் இருப்பது உன் மொட்டைத் தலைப் படம் மட்டும்தான்.

இத்துடன் ஒரு சீப்பு வைத்திருக்கிறேன். உனக்கு நான் வாங்கும் முதல் சீப்பு. சுருட்டை முடிக்கு ஆகுமென்று பல் அகலமாகப் பார்த்து வாங்கினேன்.

உன்னைப் பெற்றவள்