இரண்டு தொட்டிக்கு நடுவில் ஒரு வால்வு

உன் டெஸ்டர் இன்று காலை என் கைக்கு வந்தது. மஞ்சள் கைப்பிடி, அதன் கழுத்தில் நீ சுற்றி வைத்த சிவப்பு டேப். குளியலறைப் பரணில், காலி பினாயில் பாட்டிலுக்குப் பின்னால் கிடந்தது. மறந்து விட்டுப் போனதல்ல அது. "இது இங்கனயே கெடக்கட்டும் தங்கச்சி, எப்பிடியும் திரும்ப வரணும்லா" என்று நீ என் மனைவி சொர்ணத்திடம் சொன்னபோது நான் முன்னறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுப் பரணில் உன் சாமானுக்கு ஒரு இடம். அன்றைக்கே எனக்கு அது பிடிக்கவில்லை.

கீசரில் வெந்நி வரவில்லை. அதனால்தான் பரணில் கை விட்டேன். தூத்துக்குடி வெயிலுக்குக் கீசர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் மனைவியின் முழங்காலைத் தெரியாது. காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி, கை பொறுக்கும் சூட்டில் ஊற்றினால்தான் சொர்ணம் அன்றைக்கு நடப்பாள். மார்கழி வாடைக்கு இரண்டு முட்டியும் வீங்கிக் கிடக்கிறது. இன்று குழாயைத் திறந்து கையை நீட்டியவள், அடுப்படிக்குப் போய் அண்டாவைத் தூக்கினாள். பாத்திரக் கடைக்காரன் பொண்டாட்டிக்கு அண்டாவுக்கா பஞ்சம். ஆனால் தூக்கும்போது அவள் வாசல் கேட்டைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நீ வருவாயா என்று பார்த்துப் பழகிய கண்.

நீ செத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்னும் கேட்டில் நீதான் நிற்கிறாய்.

நமக்குள் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்து. நீ துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக் ஆனாய், நான் அப்பாவின் கடையில் எவர்சில்வர் குடத்தைத் தட்டிக் காட்டி விற்க உட்கார்ந்தேன். அதில் எனக்கொன்றும் குறையில்லை. குறை ஆரம்பித்தது அந்தக் கீசர் வந்த பிறகு. வெந்நி நின்றால் சொர்ணம் என்னிடம் சொல்ல மாட்டாள், உனக்குப் போன் போடுவாள். ஷிப்ட் முடிந்து கிரீஸ் சட்டையோடு உன் பைக் திரும்பும் சத்தம் கேட்டதுமே அவள் முகம் தெளிந்துவிடும். "அண்ணன் வந்தாச்சு. இனி கவலையில்ல." அந்த இரண்டு வாக்கியத்தை, கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. அண்ணன் என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாளே, அப்புறம் உனக்கென்ன என்று யாராவது கேட்கலாம். கேட்பவன் வீட்டில் அப்படி ஒரு அண்ணன் வந்து போகட்டும், அப்புறம் பேசுவோம்.

ஒருதடவை நீ கீசருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் காயிலைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த உப்புக்கட்டியைத் தட்டிக் கீழே விழ வைத்தாய். நான் சும்மா இராமல், "உங்க தாத்தா கடல்ல முங்கி முத்து எடுத்தாரு, நீ கீசருக்குள்ள முங்குத" என்றேன். குத்தித்தான் சொன்னேன். நீ சிரித்துக்கொண்டே உருண்டையாக ஒரு கட்டியைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தாய். "இந்தா தங்கச்சி, முத்து." அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் கல்யாண நாளுக்கு நிஜ முத்துத் தோடு வாங்கிக் கொடுத்திருந்தேன். "நல்லாருக்கு" என்று சொல்லிப் பீரோவில் வைத்தாள். உன் உப்புக்கட்டி குளியலறை ஜன்னல் விளிம்பில் இன்னும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னை மாதா கோயிலில் பெட்டியோடு வைத்துப் பூசை நடந்தபோது சொர்ணம் அழுத அழுகையில் பக்கத்திலிருந்த உன் சொந்தக்காரர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே, இனி வெந்நி வராவிட்டால் இவள் என்னிடம்தானே கேட்க வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததுதான். மறைக்கவில்லை.

ஆனால் நீ போன பிறகு கீசர் ஒருநாள்கூட நிற்கவில்லை. என் புத்தி எங்கே போனது தெரியுமா. உன் காலத்தில் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை நின்றது, இப்போது நிற்கவே இல்லை, அப்படியானால் நீதான் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாய், திரும்பத் திரும்ப வருவதற்காக என்று நினைத்தேன். ஒன்றரை வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இன்று நின்றதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கடையைத் திறக்கவில்லை. எலக்ட்ரீசியனைக் கூப்பிடட்டுமா என்று சொர்ணம் கேட்டதற்கு, "ஏளா, நான் என்ன செத்தா போயிட்டேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை உறைத்தது. அவள் அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நீ செய்ததைப் பார்த்த ஞாபகத்தில்தான் எல்லாம் செய்தேன். கீசரில் சிவப்பு விளக்கு எரியவில்லை. பிளக்கில் உன் டெஸ்டரை வைத்தேன், கரண்ட் இருந்தது. "மெயின அமத்தாம கைய வச்சேன்னா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல சிரிச்சிக்கிட்டு நிப்பலே" என்பாய். நம் தெருமுனையில் ஒட்டிய போஸ்டரில் கடைசியில் நீதான் சிரித்துக்கொண்டு நின்றாய். மெயின் சுவிட்சை அணைத்தேன். கீழ் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பொத்தான். சூடு அளவு மீறினால் தானே வெளியே துருத்திக்கொண்டு கரண்டை வெட்டிவிடும் பொத்தான் அது. அமுக்கினேன். டக்கென்றது. மெயினைப் போட்டதும் விளக்கு எரிந்தது. குளியலறைக்குள் நின்று நான் தனியாகச் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் விளக்கு மறுபடி அணைந்தது.

அப்புறம் தண்ணீரை வடித்து, நட்டுகளைக் கழற்றிக் காயிலை வெளியே இழுத்தேன். காயில் என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. வெள்ளையாக, கை பருமனுக்கு உப்புதான் இருந்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு புதுசு வாங்கக் கடைக்குப் போனேன். எலக்ட்ரிக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, கீசருக்கு எந்த லைன்?"

"நல்ல தண்ணி லைன்தான்."

"இது நல்ல தண்ணியில ஓடுன காயில் இல்ல. போர்த் தண்ணி போயிருக்கு. தொட்டியப் போய்ப் பாருங்க."

வீட்டுக்கு வந்து, வடித்து வைத்த வாளியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். கரித்தது. நாங்கள் குடிப்பது, சமைப்பது எல்லாம் கேன் தண்ணீர். அதனால் குழாயில் வருவது நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று யாரும் வாயில் வைத்துப் பார்த்ததில்லை.

மொட்டைமாடியில் இரண்டு கறுப்புத் தொட்டி இருப்பது உனக்குத் தெரியும். ஒன்றில் மாநகராட்சி நல்ல தண்ணீர், ஒன்றில் போர் உப்புத் தண்ணீர். நம் ஊரில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். ஆனால் இரண்டையும் ஒரு குறுக்குப் பைப்பால் சேர்த்து நடுவில் வால்வு வைத்தது என் யோசனை. நல்ல தண்ணீர் வராத நாட்களில் அதைத் திறந்துவிட்டால் எல்லாக் குழாயிலும் உப்புத் தண்ணீராவது வரும். வீட்டுக்கு வருகிறவர்களை எல்லாம் மாடிக்குக் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறேன். "ரெண்டு தண்ணியையும் சேக்காதலே" என்று நீ ஒரே ஒருமுறை சொன்னாய். பொறாமையில் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலே போனேன். வால்வு முழுசாகத் திறந்து கிடந்தது. திறந்தது நான்தான், கார்த்திகையில் நல்ல தண்ணீர் ஒரு வாரம் வராதபோது. மூடியதாக ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தால், எந்தத் தடவையும் மூடியதாக ஞாபகம் இல்லை.

வால்வை மூடக் குனிந்தபோதுதான் தொட்டி மேடைக்குக் கீழே, மழை படாத சுவரில் பென்சில் எழுத்தைப் பார்த்தேன். நாளும் மாதமும் போட்டு, இடது பக்கம் சாயும் உன் எழுத்தில், "மூடியாச்சு". அதன் கீழே இன்னொரு நாள், இன்னொரு "மூடியாச்சு". வரிசையாகப் பதினொன்று. வெந்நி வந்ததும் டீ கிளாஸோடு, "மாடியில போயி காத்து வாங்கிட்டு வாரேன்" என்று ஏறுவாயே, என் மாடிக் கடல்காற்று உனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று அதிலும் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. நீ என் வால்வை மூடப் போயிருக்கிறாய்.

பன்னிரண்டாவது வரியில் எழுத்து மாறியது. குண்டு குண்டான எழுத்து. சொர்ணம் பால்காரருக்குக் காலண்டரில் எழுதி வைக்கும் அதே எழுத்து. "மூடியாச்சு அண்ணா." அப்படி ஏழு. எல்லாம் நீ போன பிறகு. கடைசியாக ஐப்பசியில். அதற்குப் பிறகு முட்டி வீங்கி அவளால் படியேற முடியவில்லை. கீசர் இன்று ஏன் நின்றது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இருபத்திரண்டு படி. அந்தக் காலை வைத்துக்கொண்டு, நான் கடையில் இருக்கும் நேரத்தில், ஏழு தடவை ஏறியிருக்கிறாள். உட்கார்ந்து அழலாம் போலத்தான் இருந்தது. ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதலில் வந்தது அழுகை இல்லை. உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள் என்பதுதான் முதலில் வந்தது. என் வீட்டு மாடியில், என் பைப்புக்குக் கீழே, எனக்குத் தெரியாமல்.

புதுக் காயில் போட்டு, சாயங்காலம் வெந்நி வந்தது. சொர்ணம் ஊற்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். முகம் தெளிந்திருந்தது. அந்த இரண்டு வாக்கியத்துக்காகப் பக்கத்திலேயே நின்றேன்.

"வெந்நி நல்லா வருது" என்றாள். கொஞ்சம் கழித்து, "அண்ணன்னா அரை மணி நேரத்துல முடிச்சிருப்பாவ."

"மாடிச் சொவத்தப் பாத்தேன்" என்றேன்.

தேய்த்த கை நிற்கவில்லை. "பாத்தாச்சா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"அந்தப் பைப்பு மேல ஒங்களுக்கு அம்புட்டுப் பெருமை. நான் சொல்லத்தான் கெளம்புனேன். அண்ணன்தான் வேண்டாம்னாவ. 'அவன் மூஞ்சி வாடிரும் தங்கச்சி, நான் வரும்போது மூடிக்கிடுதேன், நீ எதுக்கு அந்தப் படியேறுத'ன்னாவ."

என் முகம் வாடும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் பேப்பருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த முகம். உன் மேல் எனக்கு என்ன இருந்தது என்பதும் தெரிந்துதான் இருக்கும். தெரிந்தும் வந்து என் காயிலைக் கழற்றி, "நம்ம ஊருத் தண்ணி அப்பிடிலே, கம்பியத் தின்னுரும்" என்று ஊர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாய். அதிலும் நீதான் ஜெயித்தாய்.

"இனிமே நீ மாடிக்கு ஏறாத. நானே மூடிக்கிடுதேன்" என்றேன்.

அவள் தைலப் பாட்டிலை மூடினாள். "சரி. மூடிட்டு அங்கன எழுதிப் போட்ருங்க. அண்ணன் பாப்பாவ."

வெளிச்சம் இருக்கும்போதே மறுபடி மேலே போனேன். மேடை விளிம்பில் உன் தட்டைப் பென்சில், கட்டை விரல் நீளத்துக்குத் தேய்ந்து கிடந்தது. அவளும் அதை வைத்துத்தான் எழுதியிருக்கிறாள். குனிந்து, அவளுடைய கடைசி வரிக்குக் கீழே நாளைப் போட்டு, "மூடியாச்சுலே" என்று எழுதினேன். உன் எழுத்தைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

நாளைக்கே பிளம்பரைக் கூப்பிட்டு அந்தக் குறுக்குப் பைப்பை வெட்டி எடுத்துவிடலாம். அதுதான் சரி. எடுக்கப் போவதில்லை. எடுத்துவிட்டால் அந்தச் சுவரில் எனக்கு அந்த ஒரு வரிதான் இருக்கும்.

பென்சிலை அங்கே வைத்துவிட்டு வரவில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது. இனி உனக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் அவள் என்னிடம்தான் கேட்க வேண்டும்.