தாய்மாமனுக்கு வைத்த ஃபிளக்ஸ்

புவனகிரி
17.11.2025

அன்புத் தம்பி எழிலனுக்கு அக்கா வெண்மதி எழுதுவது.

இங்கே எல்லாரும் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறோம். உயிர் எல்லாருக்கும், கோபம் எனக்கு மட்டும். நீ குஜராத்தில் எப்படி இருக்கிறாய் என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் அம்மாவுக்குப் போன் போடுகிறாய், பக்கத்தில் என் குரல் கேட்டால் வைத்துவிடுகிறாய். என் நம்பரை பிளாக் பண்ணி ரெண்டு வருஷம் தாண்டிவிட்டது. தபால்காரரை யாரும் பிளாக் பண்ண முடியாது என்பதால் இந்தக் கடிதம். கிழிப்பதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். வலது கால் நன்றாக இருக்கிறது. விரலை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்ன அந்தப் புண், நீ இறால் ஓட்டில் செய்து ஒட்டிவிட்ட படலத்தில் ஆறியதுதான், இன்று வரை திரும்பி வரவில்லை. உன் மாமா அதே சிதம்பரம் ரோட்டில் ஷேர் ஆட்டோதான் ஓட்டுகிறார். மச்சான் கடுதாசி போடுமா என்று இன்னும் கேட்கிறார், பாவம். பாப்பா பத்தாவது வந்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி.

போன மாதம் சிதம்பரத்தில் எங்கள் ஆஸ்பத்திரியின் டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஒரு மருந்துக் கம்பெனி ரெப் வந்தான். சர்க்கரைப் புண்ணுக்குப் புது ஷீட் வந்திருக்கிறது சிஸ்டர், சாம்பிள் பாருங்கள் என்று கவரைப் பிரித்தான். அதே இளமஞ்சள் நிறம். நனைத்தால் வரும் அதே வாசனை. டேய், அந்த வாசனை எனக்குத் தெரியாதா? முதுநகர் துறைமுகத்தில் இருந்து உனக்காக இறால் ஓட்டை மூட்டை கட்டி பஸ்ஸில் தூக்கி வந்தவள் நான். பாதி வழியில் கண்டக்டர் இறக்கிவிட, நடுரோட்டில் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றவள் நான். இது எங்கே செய்தது என்று கேட்டேன். வெள்ளாறு பல்கலைக்கழகத்துப் புரொபசர் கண்டுபிடித்தது, பேட்டன்டுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நோட்டீஸை நீட்டினான். கண்டுபிடித்தவர்கள் என்று ரெண்டு பேர் போட்டிருந்தது. ஒன்று உன் கைடு ராஜமாணிக்கம். இன்னொன்று அவர் மகன். எம்.பி.ஏ. படித்துவிட்டு லாட்ஜ் நடத்துகிறானே, அவன்தான். இறால் ஓட்டை அவன் தட்டில் ஒதுக்கி வைத்திருப்பான், வேறு என்ன தெரியும் அவனுக்கு?

எழிலா, நாலு வருஷம் அந்த ஆள் லேபில் நீ கிடந்தாய். லேபில் கிடந்தது போக, அவர் பேரனை ஸ்கூலில் விட்டாய், அவர் வீட்டுக்குத் தண்ணீர் கேன் தூக்கினாய். கூடத்தைத் தாண்டி உள்ளே விட்டதில்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னாய், அதுவும் சிரித்துக்கொண்டே. எல்லாம் டாக்டர் பட்டத்துக்காகத்தானே என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

மஞ்சக்குப்பத்தில் சந்திரலேகா என்று ஒரு வக்கீலம்மா இருக்கிறார். அவருடைய மாமியாருக்கு ஒரு மாசம் வீட்டுக்குப் போய் நான் கட்டுக் கட்டிவிட்டிருக்கிறேன், அந்தப் பழக்கம். அவரிடம் நோட்டீஸைக் கொடுத்தேன். பேட்டன்ட் ஆபீஸ் இணையதளத்தில் தேடி முழு விண்ணப்பத்தையும் எடுத்துக் கொடுத்தார். விண்ணப்பம் போட்ட தேதி 2023 ஜூன் 26. அந்தத் தேதியைப் பார்த்ததும்தான் எனக்குத் தலை சுற்றியது. ஏன் என்று உனக்கு விளங்க வேண்டுமானால் பழசைக் கிளறித்தான் ஆகவேண்டும். அந்த ஆள் சொன்னதையே நம்பிக்கொண்டிருக்கிறாய், ஒரு தடவை நான் சொல்வதையும் கேள்.

பாப்பாவுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தது அதே வருஷம் ஜூன் 4. சீர் கொண்டு வரும் தாய்மாமனுக்கு மண்டப வாசலில் ஃபிளக்ஸ் வைப்பது நம்ம பக்கத்து வழக்கம். மற்றவர்கள் மாமனைச் சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்க வைக்கிறார்கள், கூலிங் கிளாஸ் மாட்டிவிடுகிறார்கள். என் தம்பி விஞ்ஞானி ஆச்சே, எனக்குச் சிங்கம் எதற்கு? டிபார்ட்மெண்டில் காட்டுவதற்கு நீ தயார் செய்து வைத்திருந்த போஸ்டரை உன் பென் டிரைவில் இருந்து எடுத்து ஃபிளக்ஸ் கடையில் கொடுத்தேன். பன்னிரண்டு அடி. ஒரு பக்கம் உன் படம். மேலே, சர்க்கரைப் புண் ஆற்றும் படலம் கண்டுபிடித்த தாய்மாமன் எழிலன் அவர்களே வருக. இன்னொரு பக்கம் உன் போஸ்டர் அப்படியே. ஓட்டுப் பொடி எத்தனை பங்கு, வாழைத்தண்டு நார் எத்தனை பங்கு, எத்தனை சூட்டில் காயவைப்பது, ஒன்று விடாமல். எனக்கு என்ன தெரியும்? நம்பர் நிறைய இருந்தால் கெத்தாக இருக்கும் என்று நினைத்தேன்.

உன் கைடும் அன்று வந்தார். விரதம் என்று சொல்லிச் சோற்றைத் தொடவில்லை. பாட்டில் சோடா மட்டும் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை என்ன விரதமோ. ஆனால் போட்டோகிராபர் கூப்பிட்டதும் ஃபிளக்ஸுக்கு முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஜூலை 1. உன்னைக் கூப்பிட்டு, உன் அக்கா எல்லாவற்றையும் ரோட்டில் கட்டித் தொங்கவிட்டுவிட்டாள், வெளியே தெரிந்ததற்குப் பேட்டன்ட் கிடையாது, இனி விண்ணப்பமே போட முடியாது, எல்லாம் முடிந்தது என்று சொன்னார். நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய். தெருவே வேடிக்கை பார்க்க என்னைக் கண்டபடி கேட்டாய். படிக்காத ஜனம் என்று சொன்னாய். நர்சிங் முடித்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னாய், பரவாயில்லை. நாலு வருஷத்தை ஒரு ஃபிளக்ஸில் கொன்றுவிட்டாய் என்றாய். ஆகஸ்டில் பட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ரயில் ஏறிவிட்டாய்.

இதற்கு நடுவில் நான் செய்த ஒரு காரியம் உனக்குத் தெரியாது. ஜூலை 3ஆம் தேதி அந்த ஆள் வீட்டுக்குப் போனேன். என் புத்தி கெட்டதனத்துக்கு என் தம்பியைத் தண்டிக்காதீங்க சார் என்று வாசல்படியில் அவர் காலில் விழுந்தேன். எழுந்திரும்மா, தெரியாமல் செய்துவிட்டாய், நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை என்றார். மனசில் வைத்துக்கொள்ளவில்லையாம்! அப்போது அவர் தன் பேரிலும் மகன் பேரிலும் விண்ணப்பம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. ஃபிளக்ஸ் வைத்ததால் உனக்குத்தான் பேட்டன்ட் கிடையாது, அவருக்கு உண்டு. ஃபிளக்ஸைப் பேட்டன்ட் ஆபீஸில் யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம். என் நெற்றி அந்தப் படியில் பட்டதை நினைத்தால் இன்றும் தோலை உரித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த ஃபிளக்ஸ் எங்கே போகும்? நம்ம வீட்டில் ஃபிளக்ஸைத் தூக்கி எறிவோமா? குளியலறைக்கு மேலே கூரையாகக் கிடந்தது. மாமாவை ஏறச் சொல்லி இறக்கினேன். உன் முகம் வெயிலில் வெளுத்துவிட்டது. எழுத்தும் நம்பரும் அழியவில்லை. ஆல்பத்தையும் எடுத்தேன். அந்த ஆள் சிரிக்கும் போட்டோவில் அவர் தோளுக்கு மேலே உன் பேர், காதுக்குப் பக்கத்தில் அத்தனை பங்குக் கணக்கும் தெளிவாகத் தெரிகிறது. விழாத் தேதியும் மேலேயே இருக்கிறது. சந்திரலேகா வக்கீல் அதைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். இது போதும் வெண்மதி, விண்ணப்பத்துக்கு முன்னாலேயே ஊருக்குத் தெரிந்த விஷயம் என்று எதிர்ப்பு மனு போடலாம், பேட்டன்ட் கொடுப்பதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்றார். எனக்குத் தெரியாமல் வைத்த ஃபிளக்ஸ் என்று அவர் தப்பிக்கப் பார்த்தால், போட்டோவில் நிற்பது யார் என்று கேட்கலாம் என்றும் சொன்னார். ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. மனு ஜெயித்தால் அது யாருக்கும் கிடைக்காது. அந்த ஆள் கையை விட்டுப் போகும், உன் கையை விட்டும் போகும். உன் பேரைச் சேர்க்கச் சொல்வதானால் நீயேதான் எழுதிக் கேட்கவேண்டும்.

நான் சும்மா இருக்கிற ஆளா? அன்று சாயங்காலமே அந்தப் போட்டோவை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, சார் சௌக்கியமா, எழிலன் அக்கா, என்று மட்டும் எழுதினேன். ரெண்டு நீல டிக் விழுந்தது. மறுநாள் காலையில் ஆளே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். கையில் இனிப்புப் பெட்டி. பெஞ்சில் உட்கார வைத்தேன். நாலு பேருக்குக் கட்டுப் பிரித்துக் கட்டினேன். அதில் ஒருத்தருக்கு அன்று கட்டு மாற்ற வேண்டிய நாளே இல்லை.

பேசினார். எழிலன் எனக்கு மகன் மாதிரி என்றார். மூன்றாவது பேராக உன்னைச் சேர்த்துவிடுகிறாராம். உன் ஆராய்ச்சி ஏட்டில் கையெழுத்துப் போட்டு, ஆறு மாதத்தில் டாக்டர் பட்டம் வாங்கித் தருகிறாராம். பதிலுக்கு ஃபிளக்ஸையும் ஆல்பத்தையும் நான் அவரிடம் ஒப்படைக்கவேண்டும். தானாக விருப்பப்பட்டுத்தான் லேபை விட்டுப் போனேன் என்று நீ எழுதித் தரவேண்டும். தம்பியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இனிப்பை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.

அன்று உனக்குப் பதினோரு தடவை போன் போட்டேன். என் போனில் போகாது என்று மாமா போனில், பாப்பா போனில், வார்டு போனில். அம்மா போனை மட்டும் கேட்கவில்லை. உன் படலம் அவர் லேபில் செய்தது என்பதால் அம்மாவுக்கு அந்த ஆள் இன்னும் காலைக் காப்பாற்றிய தெய்வம். விஷயம் தெரிந்தால் அந்தக் கிழவி தாங்காது. பேட்டன்ட் எந்த நாள் வேண்டுமானாலும் கிடைத்துவிடலாம், கிடைத்துவிட்டால் இப்படிச் சுலபமாக மனுப் போட முடியாது என்று சந்திரலேகா சொல்லியிருந்தார். ரெண்டு நாள் பொறுத்தேன்.

மூன்றாம் நாள் அவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை இனிப்பு இல்லை, டைப் அடித்த பேப்பர் இருந்தது. நான் ஒரு பேப்பரை அவரிடம் நீட்டினேன். அன்று காலையில் என் பேரில், வெண்மதி, க/பெ. அன்பரசு என்று போட்டு, சந்திரலேகா ஆன்லைனில் பதிவு செய்த எதிர்ப்பு மனு. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிப் படித்தார். உன் தம்பி வாழ்க்கையில் நீயே மண் அள்ளிப் போட்டுவிட்டாயே என்றார். சோடா வாங்கித் தரட்டுமா சார், இன்றைக்கும் விரதமா என்று கேட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. எழுந்து போய்விட்டார். எனக்கு அப்படி ஒரு நிறைவு எழிலா. பிள்ளை பெற்ற அன்று கூட இப்படி மனசு குளிர்ந்ததில்லை. பொய் சொல்லத் தெரியாது எனக்கு.

விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், மாதக் கணக்கில் ஆகலாம் என்கிறார் வக்கீல். கூப்பிடட்டும். பன்னிரண்டு அடியையும் சுருட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன். கம்பெனிக்காரனும் மனு நகலைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறான் என்று அந்த ரெப்பே வந்து சொன்னான்.

ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்த ஆள் சொன்னது உறைத்தது. மூன்றாவது பேரோ முப்பதாவது பேரோ, அது உன் பேர். பட்டமோ உன் பட்டம். காறித் துப்பிவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று நீ நினைத்திருக்கலாம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நீ போனை எடுக்கவில்லை என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வேன். நீ எடுத்து, அக்கா ஒத்துக்கொள் என்று கெஞ்சியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வாசல்படிதான் கண்ணில் நின்றது.

நான் செய்யாத குற்றத்துக்கு ரெண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாய். இப்போது நிஜமாகவே செய்துவிட்டேன். உன் பேட்டன்டை அழித்தது உன் அக்காதான், இதில் யாரும் உனக்குப் பொய் சொல்லவில்லை. அதனால் இனி மௌனமாக இருக்க உனக்கு நியாயம் இல்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. பிளாக்கை எடுத்துவிட்டு என்னைத் திட்டுவதற்காவது ஒரு போன் பண்ணுடா. தெருவே கேட்கத் திட்டு, நான் வைக்க மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல் நீ நல்லா இருக்கணும்.

உன்னைத் தூக்கி வளர்த்த பாவத்துக்கு உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா
வெண்மதி