கோயிற் புளியின் றொசெல்லா

மாஸ்டர்,

இன்று காலை புராண நூலைச் சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்தபோது கடதாசி மடிப்பொன்று என் மடியில் விழுந்தது. உள்ளே சாம்பல் வெண்மையாய், நாடா நாடாவாகக் கிளைத்துக் காய்ந்த சிறு பற்றை. மேலே உங்கள் சாய்ந்த கையெழுத்து: "றொசெல்லா. கோயிற் புளி, கடற்பக்கக் கொப்பு." முகர்ந்தேன். உப்பும் பழந்தூசியும் கலந்த அந்த மணம் உங்கள் சட்டைப்பையிலும் இருந்தது.

மீள்குடியேறிய புதிதில், தண்ணீரூற்றுக்கு அப்பால் நம் கோயிலுக்குக் கூரைகூட இல்லாத நாளில், அந்தப் புளி நரைத்த தாடியோடு நின்றது. நோயென்று முடிவு கட்டியவன் நான். மஞ்சள்நீரும் தென்னந்தும்புமாக நெஞ்சளவு உயரம்வரை தேய்த்தும் விட்டேன். மரத்தைத் தறிப்பதென்று கோயிற்சபை தீர்மானித்திருந்தது. அப்போதுதான் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்தீர்கள்.

"என்ன அண்ணை, மரத்துக்குச் சவரமோ?"

"குருவிச்சை மாதிரி உறிஞ்சுது மாஸ்டர். மரம் சாகப்போகுது."

"குருவிச்சை மரத்துக்குள்ள இறங்கும். இது அடியில ஒரு பிடி பிடிச்சுக்கொண்டு தொங்குது. சாப்பாடு தன்ர சாப்பாடு. இது இலைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழுற உயிர்."

பூஞ்சை வீடு கட்ட, உள்ளே பாசி வெயிலில் சமைக்கிறது என்று விளக்கினீர்கள். மேலோடாய் அப்பிக்கிடப்பவை, இலையாய் விரிபவை, பற்றையாய்க் கிளைப்பவை என்று மூவகை, இது மூன்றாவது. அதிலும் றமலினா என்றோர் இனம் இதைப்போலவே தொங்குமாம். ஐயம் தீரக் கோயிற் கிணற்றுக்கென வைத்திருந்த குளோறின் கரைசலில் ஒரு துளி விட்டீர்கள். நாடா குங்குமமாய்ச் சிவந்தது. "றமலினா எண்டால் இப்பிடிச் சிவக்காது. இது றொசெல்லா" என்றீர்கள். நகத்தால் சுரண்டியபோது உள்ளே பாசியின் செம்மஞ்சள் தெரிந்தது.

"அம்மையும் அப்பனும் ஓருடம்பானதைப் போல" என்றேன்.

"சாமியை இழுக்காதேங்கோ அண்ணை. இது வயித்துப்பாட்டுக்குச் சேர்ந்த கூட்டு."

"பேர் ஆருக்கு?"

"பூஞ்சைக்கு. இனம் பிரிக்கிறதும் பேர் வைக்கிறதும் அதை வைச்சுத்தான். எங்கட நோட்டீசைப் போல."

சிரித்தேன். புராணப் படிப்பு நோட்டீசில் பாட்டுப் படிக்கும் என் பெயர் மட்டுமே அச்சாகும். பாட்டுக்குப் பாட்டு அதன் பொருளை விரித்துப் பயன் சொல்லிச் சனத்தை இருத்தி வைத்தவர் நீங்கள். நீங்கள் சபைக்கும் விளக்கியதால் மரம் தப்பியது; நோட்டீசு மட்டும் மாறவில்லை. இன்னொன்றும் அன்று சொன்னீர்கள். பூஞ்சையைத் தனியே பிரித்து வளர்த்தால் அதற்குக் கிளை வராதாம், உருவமற்றுக் கிடக்குமாம்.

நேற்றுச் சபைத் தலைவர் வந்தார். "மாஸ்டரும் போய்ச் சேர்ந்திட்டார். பயனை விட்டிட்டுப் பாட்டை மட்டும் படியுங்கோ ஐயா" என்றார். நானும் ஓம் என்றுவிட்டேன். இன்று இந்த மடிப்பு விழுந்தபின் இருக்க முடியாமல் உங்கள் வீட்டுக்குப் போனேன்.

உங்கள் மனைவி குசினியில் இருந்து வந்தா. பயன் சொல்ல வரச்சொல்லிக் கேட்டேன்.

"அவர் வீட்டில எனக்குத்தான் முதல் சொல்லிப் பாக்கிறவர். பிழையை நான்தான் திருத்துறனான். ஆனா புருசன் போனவள் அங்க வந்து இருந்தால் சபை ஒத்துக்கொள்ளுமோ?"

ஆசாரம் பார்த்தே எழுபது கடந்தவன் நான். ஆனாலும் சொன்னேன்: "நீங்கள் வராட்டி நானும் படிக்கமாட்டன். சபைக்கு நான் சொல்லுறன்."

அவா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டா. பிறகு, "அப்ப நோட்டீசில பயன் சொல்லுற ஆளின்ர பேரையும் போடுங்கோ. அவருக்கு அது ஆசை. வாய்விட்டுக் கேக்கமாட்டார்" என்றா.

எத்தனை வருடங்கள், மாஸ்டர். நான் பகிடி என்று சிரித்தேன். மன்னியுங்கள்.

அச்சுக்குப் போகும் தாளில் என் பெயருக்குச் சமமாக, அதே அளவு எழுத்தில், அவாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் புளியடிக்குப் போனேன். நான் அன்று தேய்த்த இடம் இன்னும் முழுதாய் மூடவில்லை. பட்டை வெடிப்புகளில் விரற்கடை நீளத்துக்கு மட்டும் சாம்பல் நாடாக்கள் தொங்குகின்றன. படிப்புத் தொடங்கும்வரை, இனித் தினமும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.